கிட் காருக்கு மடக்குக் கூரை: கேள்வி பதில்

உதிரிபாகங்களாக வாங்கி வீட்டிலேயே கிட் கார் கட்டுபவர்கள் எஞ்சின், வயரிங் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டுக் கடைசியில் திணறுவது துணிக்கூரையில்தான். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கிட் விற்றவரிடமே கூரையும் வாங்கினேன். கூரையைப் பாடியில் மாட்டும் அமுக்குப் பட்டன் ஒன்றுகூட அடிக்கவில்லை, ஓரமும் வெட்டாமல் கிடக்கிறது. திருப்பி அனுப்பிவிடவா?

வேண்டாம், அப்படித்தான் வரும். ஃபைபர்கிளாஸ் பாடியைக் கையால் அச்சில் வார்க்கிறார்கள். அதன்மேல் முன்கண்ணாடியை நிறுத்தியது நீங்கள். ஒரே கிட்டை இருவர் கட்டினால் கண்ணாடியின் சாய்வு இரண்டிலும் ஒன்றாக இருக்காது. பட்டன் எல்லாம் அடித்து வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அண்ணா, எங்கிருந்து ஆரம்பிப்பது?

துணியைத் தொடாதீர்கள். முதலில் பிரேம். துணியைத் தாங்கும் வளைகம்பிகளை நிமிர்த்தி, இடமும் வலமும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று டேப் வைத்துப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து தலை இடிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அப்புறம் கம்பிகளை முன்னும் பின்னுமாக இணைக்கும் நாடாப் பட்டைகள். பலர் இவற்றை விட்டுவிடுகிறார்கள். பட்டை இல்லையென்றால் துணியை இழுத்ததும் கம்பி முன்பக்கம் சாய்ந்துவிடும், அதுவரை எடுத்த அளவெல்லாம் வீண்.

அடுத்து, வெயில் உள்ள நாளாகப் பார்த்துக் கூரையை விரித்து வையுங்கள். குளிரில் வினைல் விறைத்துச் சுருங்கும். அந்த நிலையில் பொருத்தினால் வெப்பம் ஏறியதும் தொய்ந்து தொங்கும். இளகியிருக்கும்போது கைபலத்தில் இழுத்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் குளிர் நாளில் பட்டனே போட முடியாது.

துணியின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, பாடியின் நடுவில் ஒட்டிய மாஸ்கிங் டேப்போடு சேருங்கள். பின்பக்கம் நடு, முன்பக்கம் நடு, பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்று என்று கிளிப் போட்டுக்கொண்டே ஓரத்துக்குப் போங்கள். கதவுகளும், அவற்றின்மேல் ஜன்னலாக நிற்கும் பக்கத் திரைகளும் மூடியே இருக்கட்டும். சாய்வாக ஒரு சுருக்கம் ஓடினால் அது போய் முடியும் மூலையில் இழுவை கூடுதல். அங்கே கொஞ்சம் தளர்த்துங்கள். மொத்தக் கூரையும் திருப்தியாக உட்காரும்வரை டிரில் மெஷின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஃபைபர்கிளாஸில் துளை போட்டால் விரிசல் விடாதா?

மேலே பளபளப்பாக இருக்கும் ஜெல் கோட்தான் எளிதில் உடையும். டேப் ஒட்டி, அதன்மேல் குறித்து, சிறிய பிட்டால் அழுத்தாமல் தொடங்குங்கள். பிறகு ஜெல் கோட் அளவுக்கு மட்டும் துளையின் வாயைச் சற்று அகலமாக்குங்கள். ஸ்க்ரூவின் மரை அதில் கடித்தால்தான் விரிசல் கிளம்புகிறது. மெல்லிய பாடியில் வெறும் ஸ்க்ரூ நிலைக்காது. பின்னால் வாஷர் வைத்து ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் போடுங்கள். உள்ளே வயரோ பெட்ரோல் டேங்க்கோ இருக்கிறதா என்று பார்க்காமல் துளைக்கக் கூடாது.

எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் குறிக்காதீர்கள். ஒரு பட்டனின் கீழ்ப்பாதியைப் பாடியில் மாட்டி, அதன் தலையில் சாக்பீஸ் தேய்த்து, துணியை இழுத்துக் கட்டைவிரலால் அமுக்குங்கள். துணியின் உட்புறத்தில் ஒரு வெள்ளை வட்டம் பதியும். துணியில் பட்டனின் மேல்பாதி வர வேண்டிய இடம் அதுதான். அதைப் போட்டு மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பட்டன் வரும் இடத்தில் உட்பக்கம் இன்னொரு துண்டுத் துணி வைத்துத் தைக்காவிட்டால் நாளடைவில் துளை கிழியும்.

வினைலா, மோஹேரா?

வினைல் விலை குறைவு, துடைத்தால் சுத்தமாகிவிடும். மோஹேர் வகைக் கூரைத் துணியில் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் இருக்கும். குளிரில் அவ்வளவு விறைக்காது, பார்க்கவும் அழகு. முதல்முறை பொருத்துபவருக்கு நான் வினைலைத்தான் சொல்வேன்.

சார், வேகம் எடுத்தால் கூரை மேலே உப்பிக்கொண்டு படபடக்கிறது. இன்னும் இறுக்கட்டுமா?

இறுக்கினால் தையல்தான் போகும். கூரைக்கு மேலே காற்று விரைவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத் திரை இடுக்குகளில் நுழையும் காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. முதலில் அந்த இடுக்குகளை அடையுங்கள். முன்விளிம்பு வெறும் பட்டன்களில் நிற்கிறதென்றால், கண்ணாடிச் சட்டத்தின் மேல் முழு நீளத்துக்கு ஒரு பள்ளப் பட்டை வைத்து விளிம்பை அதில் செருகுங்கள். நடுவில் துணியை வளைகம்பியோடு சேர்த்துப் பிடிக்கும் மடிப்புப் பட்டை ஒன்றும் தைத்துவிட்டால் படபடப்பு பெரும்பாலும் அடங்கும்.

தையல் வழியே தண்ணீர் சொட்டுகிறது.

ஊசித் துளைதான் காரணம். தையலுக்கான சீலன்ட்டை உள்பக்கம் தடவுங்கள். நீங்களே தைப்பதானால் மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் படியும்படி, ஓடு வேய்வதுபோல மடியுங்கள். பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் போடுங்கள்.

பின் ஜன்னல் பிளாஸ்டிக் மங்கிவிட்டது. மழையில் நனைந்ததும் மடக்கி வைப்பேன், அதனாலா?

அதுவும் ஒரு காரணம். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஜன்னலின் மேல் மென்மையான துணி வைத்து மடக்குங்கள். ஜன்னலின் நடுவே மட்டும் மடிப்பு விழக் கூடாது. லேசான மங்கல் பிளாஸ்டிக் பாலிஷில் போகும். பழுப்பேறி விறைத்திருந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம், கூரை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.