எந்தக் குழந்தை இப்படி யோசிக்கும்?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆர்சன் ஸ்காட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு என்னையும் படிக்கச் சொன்னான். நான் பள்ளி ஆசிரியை. எனக்கு ஒட்டவே இல்லை. ஆறு வயதுப் பையன் நாற்பது வயது ஆள் மாதிரி யோசிக்கிறான், கூடப் படிப்பவனைக் கீழே தள்ளி மிதிக்கிறான். எந்தக் குழந்தை இப்படி இருக்கும்? இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

1985இல் வந்த நாவல் இது. அதிபுத்திசாலிக் குழந்தைகளுக்கு ஆலோசகராக இருந்த ஒரு பெண்மணி இதே கோபத்தோடு கார்டுக்கு எழுதியிருக்கிறார். அவரும் மகன் சொல்லித்தான் படித்தார். பிள்ளைகள் இப்படிப் பேசவே மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1991 பதிப்பின் முன்னுரையில் கார்டே இதைச் சொல்கிறார். நாவலின் நாயகனான அந்த ஆறு வயதுப் பையன் எண்டரிடம் தங்களையே கண்டதாக எழுதிய சிறுவர்களும் அதே முன்னுரையில் வருகிறார்கள்.

நான் அந்தச் சிறுவர்கள் பக்கம். பிள்ளைகள் நம்மிடம் பேசுவது அவர்கள் யோசிப்பதில் ஒரு துளிதான். நாவலில் நாம் அதிகம் கேட்பது எண்டரின் மனதுக்குள் ஓடுவதை.

விண்வெளியில் உள்ள போர்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் விண்கலத்தில் போகும் காட்சியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இந்தக் கூட்டத்தில் மூளையுள்ளவன் எண்டர் ஒருவன்தான் என்று அந்தப் பள்ளியை நடத்தும் கர்னல் கிராஃப் எல்லார் முன்னாலும் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டுப் பையன் எண்டரின் தலையில் அடிக்க ஆரம்பிக்கிறான். அடி தொடர்கிறது, கிராஃப் தடுக்கவில்லை. கடைசியில் எண்டர் அந்தக் கையைப் பிடித்து இழுக்க, எடையில்லாத இடத்தில் பையன் பறந்து போய்க் கை முறிகிறது. எண்டரைத் தனிமைப்படுத்தத்தான் கிராஃபின் அந்தப் பாராட்டு. முதல் ரேங்க் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து மற்றவர்களைத் திட்டும் வகுப்பறை நமக்குத் தெரியாததா? உங்கள் மகன் எதைக் கண்டுகொண்டிருப்பான் என்று எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த மிதி பற்றி நீங்கள் சங்கடப்படுவது சரிதான். விழுந்து கிடக்கும் பள்ளித் தோழன் ஸ்டில்சனை எண்டர் மறுபடி மறுபடி உதைக்கிறான். இனி யாரும் தன் மேல் கை வைக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு உதைக்கிறான். அப்புறம் அழுகிறான், அண்ணன் பீட்டர் மாதிரி ஆகிவிட்டோமே என்று. ஸ்டில்சன் செத்துப்போனதை அவனிடம் மறைத்துவிடுகிறார்கள். வேற்றுக்கிரகவாசிகளோடு நடக்கும் கடைசிப் போரிலும் அப்படியே. பயிற்சி என்று நம்பவைத்து ஓர் இனத்தையே அழிக்கவைக்கிறார்கள். கை அவனுடையது, குற்றம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு யாருக்கோ போய்விடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் கெஸ்ஸல் 2004இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. கெட்ட எண்ணம் இல்லாவிட்டால் கொலைகூடக் குற்றமில்லை என்ற இடத்துக்கு நாவல் நம்மைக் கொண்டுபோகிறது என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இருந்தாலும் கொடுக்கலாம். அமெரிக்க நூலகர்கள் 2008இல் கார்டுக்கு இளையோர் இலக்கிய விருது கொடுத்தபோது குறிப்பிட்ட நூல்களில் இதுவும் ஒன்று. ஒன்பதாம் வகுப்பு சரியான வயதுதான். அவனிடம் ஒன்று கேளுங்கள்: ஸ்டில்சன் இறந்தது முன்பே தெரிந்திருந்தால், பிறகு போர்ப் பள்ளியின் குளியலறையில் தன்னைத் தாக்க வரும் மாணவன் பான்ஸோவோடு எண்டர் எப்படிச் சண்டை போட்டிருப்பான்? அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.