ஆஸ்கர் யாருக்கு? கணிப்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஆஸ்கர் கணிப்புப் பட்டியலில் எனக்குப் பிடித்த படத்தை டிக் செய்துவிட்டு வருடா வருடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் எதை வைத்துக் கணிக்கிறீர்கள்?

பிடித்த படத்தை டிக் செய்வதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. எது நல்ல படம் என்பது ஒரு கேள்வி, எது ஜெயிக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் வேண்டுமென்றால் ஓட்டுப் போடுபவர் யார் என்று பாருங்கள். ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர், விமர்சகர்கள் கிடையாது, சினிமாவில் வேலை பார்ப்பவர்கள். பரிந்துரைச் சுற்றில் நடிப்புக்கு நடிகர்களும் எடிட்டிங்குக்கு எடிட்டர்களும் ஓட்டுப் போடுவார்கள், இறுதிச் சுற்றில் எல்லாரும் எல்லாப் பிரிவுக்கும் போடலாம்.

இவர்களில் பலர் அதே சீசனில் தங்கள் சங்க விருதுகளுக்கும் ஓட்டுப் போடுகிறார்கள். அதனால்தான் தயாரிப்பாளர் சங்கமான பிஜிஏ, இயக்குநர் சங்கமான டிஜிஏ, நடிகர் சங்கமான எஸ்ஏஜி, அப்புறம் லண்டனில் கொடுக்கும் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா, இந்த நாலையும் நான் விடாமல் பார்க்கிறேன். டிஜிஏ விருது 1948இல் தொடங்கியது. அதை வாங்கியவருக்கு ஆஸ்கர் கிடைக்காமல் போனது இதுவரை எட்டே முறைதான். கடைசியாக 2020இல் டிஜிஏ சாம் மெண்டிஸுக்கும் ஆஸ்கர் போங் ஜூன் ஹோவுக்கும் போனது. கோல்டன் குளோப் கொடுப்பவர்கள் பத்திரிகையாளர்கள். அது பேச்சைக் கிளப்பும், ஆனால் அகாடமியின் மனதைக் காட்டாது.

கேள்வி: சார், 'லா லா லேண்ட்' 14 பரிந்துரை வாங்கியும் சிறந்த படம் விருது 'மூன்லைட்'டுக்குப் போனது எப்படி? மேடையில் உறை மாறி முதலில் 'லா லா லேண்ட்' என்று தவறாக அறிவித்த கூத்தை விடுங்கள், ஓட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

எண்ணிக்கையை அகாடமி வெளியிடுவதே இல்லை. ஆனால் எண்ணும் முறை தெரியும், அதிலேயே பாதி விடை இருக்கிறது. மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். சிறந்த படத்துக்கு மட்டும், பரிந்துரை பெற்ற படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிட ஓட்டு மிகக் குறைவாக வாங்கிய படத்தை நீக்கிவிட்டு, அந்தச் சீட்டுகளில் அடுத்த இடத்தில் இருக்கும் படத்துக்கு ஓட்டை மாற்றுவார்கள், ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். ஆக, முந்நூறு பேர் தலையில் வைத்துக் கொண்டாடி முந்நூறு பேர் கடைசியில் தள்ளும் படத்தைவிட, எல்லாரும் இரண்டாவது மூன்றாவதாகப் போடும் படத்துக்கு இந்த முறையில் வாய்ப்பு அதிகம்.

2009ஆம் வருடப் படங்களிலிருந்து இந்த முறைதான். பிஜிஏவும் இப்படித்தான் எண்ணுகிறது, அதனால் அதன் முடிவுக்குத் தனி மதிப்பு. 2022இல் மூன்றே பரிந்துரை வைத்திருந்த, இயக்குநர் பரிந்துரைகூட இல்லாத 'கோடா' பிஜிஏ வாங்கியபோதே தெளிவாகத் தெரிந்துவிட்டது. மூன்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் பிஜிஏவும் வேதவாக்கு இல்லை. 'லா லா லேண்ட்', '1917' இரண்டும் அதை வாங்கிவிட்டு ஆஸ்கரில் தோற்றன. இரண்டுக்கும் எஸ்ஏஜியின் குழு நடிப்புப் பரிந்துரை கிடைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நடிகர்கள்தான் அகாடமியின் பெரிய கிளை, அவர்கள் முழு மனதோடு பின்னால் நிற்காத படம் கடைசிச் சுற்றில் தடுமாறும்.

கேள்வி: பழைய புள்ளிவிவரம் எல்லாம் நம்பலாமா? எடிட்டிங் பரிந்துரை இல்லாத படம் சிறந்த படம் ஆகாது என்பார்களே.

'பெர்ட்மேன்' அதை 2015இலேயே உடைத்துவிட்டது. ஏன் என்று காரணம் சொல்ல முடியாத புள்ளிவிவரத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: 2025இல் 'தி சப்ஸ்டன்ஸ்' திகில் படத்தின் டெமி மூர் சிறந்த நடிகை விருதில் தோற்றதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை ப்ரோ. குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், எஸ்ஏஜி எல்லாம் அவருக்குத்தானே?

பாஃப்டா 'அனோரா'வின் மைக்கி மேடிசனுக்குப் போனது, ஆஸ்கரும் அவருக்குத்தான். முன்னணி நடிப்பில் எஸ்ஏஜியும் பாஃப்டாவும் பிரிந்த வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 2019இல் எஸ்ஏஜி கிளென் க்ளோஸுக்கு, பாஃப்டாவும் ஆஸ்கரும் ஒலிவியா கோல்மனுக்கு. 2021இல் சாட்விக் போஸ்மனும் வயோலா டேவிஸும் எஸ்ஏஜி வாங்கினார்கள், ஆஸ்கர் பாஃப்டா வாங்கிய ஆண்டனி ஹாப்கின்ஸுக்கும் ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கும் போனது. 2024இல் லில்லி கிளாட்ஸ்டோன் எஸ்ஏஜி, எம்மா ஸ்டோன் பாஃப்டா, ஜெயித்தது ஸ்டோன். 2025இல் நடிகர் பிரிவிலும் அதே கதை: எஸ்ஏஜி டிமொத்தி ஷாலமே, பாஃப்டாவும் ஆஸ்கரும் ஏட்ரியன் பிராடி. இதற்கு எதிராக 2023இல் மிஷெல் யோவும் பிரெண்டன் ஃபிரேசரும் எஸ்ஏஜி வழியாக வந்து ஜெயித்தார்கள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பாஃப்டா பக்கம் சாயச் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. எஸ்ஏஜியின் இறுதி ஓட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நடிகர்களுடையது, அதில் தொலைக்காட்சிக்காரர்கள் ஏராளம். அகாடமியோ, நடிப்புப் பரிந்துரை எல்லாமே வெள்ளையருக்கு என்று கிளம்பிய 2016 சர்ச்சைக்குப் பிறகு வெளிநாட்டு உறுப்பினர்களை நிறையச் சேர்த்துக்கொண்டது. அதோடு 'அனோரா' அந்த வருடம் சிறந்த படமாகவே வரப்போகிற படம், 'தி சப்ஸ்டன்ஸ்' அப்படி இல்லை. பலமான படம் தன் நடிகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: கவனிக்கப்படாமல் போனவர்களில் உங்களை மிகவும் வருத்தியது யார்?

மரியான் ஜான்-பாப்டிஸ்ட், யோசிக்கவே வேண்டாம். 'ஹார்ட் ட்ரூத்ஸ்' படத்தில் எந்நேரமும் எல்லார் மேலும் எரிந்து விழுகிற ஒரு பெண்ணாக வருகிறார். அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்தையும் களைப்பையும் ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல் நமக்குக் காட்டிவிடுகிறார். நியூயார்க் விமர்சகர்கள், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள், தேசிய விமர்சகர் சங்கம் மூன்றும் அவரைத் தேர்ந்தெடுத்தன. பாஃப்டா பரிந்துரையும் வந்தது. ஆஸ்கரில் ஐந்தில் ஒருவராகக்கூட வரவில்லை. இதே இயக்குநர் மைக் லீயின் 'ஹாப்பி-கோ-லக்கி'யில் சாலி ஹாக்கின்ஸ் இதே மூன்று விமர்சகர் விருதுகளையும் வாங்கி இப்படியேதான் வெளியே நின்றார்.

நடிப்புப் பரிந்துரைக்கு நடிகர் கிளையில் பலரின் சீட்டில் முதல் பெயராக இருக்க வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். சின்ன விநியோகஸ்தர், குறைந்த விளம்பரம், பார்ப்பவரைச் சங்கடப்படுத்தும் கதாபாத்திரம், மூன்றும் சேர்ந்தால் சீட்டில் மூன்றாவதோ நான்காவதோதான், அது போதாது. 'டா 5 பிளட்ஸ்'இல் டெல்ராய் லிண்டோ விமர்சகர் விருதுகளோடு நின்றுபோனது எனக்கு இன்னொரு வலி. திகில் படம் என்றாலே ஒதுக்கும் பழக்கமும் இருந்தது. 'ஹெரிடிட்டரி'யில் டோனி கோலெட், 'அஸ்' படத்தில் லுபிட்டா நியோங்கோ, இருவரும் அதில்தான் அடிபட்டார்கள். டெமி மூருக்குப் பரிந்துரை வரை வந்ததே அந்தச் சுவரில் விழுந்த விரிசல்தான்.

இசையில் 'சேலஞ்சர்ஸ்'. கோல்டன் குளோப் ஜெயித்த அந்த டெக்னோ இசைக்கு ஆஸ்கர் பரிந்துரையே இல்லை. அதை எடுத்துவிட்டால் அந்தப் படத்தின் டென்னிஸ் காட்சிகள் பாதி உயிரோடுதான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் 2023இல் ஆண்ட்ரியா ரைஸ்பரோ யாருமே எதிர்பாராமல் உள்ளே வந்தது எப்படி?

நான் மேலே சொன்ன முதலிடக் கணக்கால்தான். 'டு லெஸ்லி' தியேட்டரில் ஓடாத படம். ஆனால் பெரிய நடிகர்கள் சிலர் கடைசி நாட்களில் தாங்களாகவே அவருக்காக எழுதினார்கள், திரையிடல் நடத்தினார்கள். அகாடமி விசாரித்தது, பரிந்துரையை ரத்து செய்யவில்லை. அந்த வருடம் 'டில்' படத்தின் டேனியல் டெட்வைலர் எஸ்ஏஜி, பாஃப்டா இரண்டிலும் பரிந்துரை பெற்றும் ஆஸ்கரில் விடுபட்டார். அவரையும் மறக்காதீர்கள்.

கேள்வி: கதாநாயகனைத் துணை நடிகர் பிரிவில் போட்டு ஜெயிக்க வைக்கிறார்களே, இது நியாயமா?

நியாயமில்லை. 2021இல் 'ஜூடஸ் அண்ட் தி பிளாக் மெசையா'வின் இரண்டு பிரதான நடிகர்களும் துணை நடிகர் பிரிவில் வந்தார்கள், டேனியல் கலூயா ஜெயித்தார். படம் முழுக்க வருபவரோடு மூன்று காட்சியில் வருபவர் மோத வேண்டியிருக்கிறது, இதனால் இடம் இழப்பது உண்மையான துணை நடிகர்கள். ஆனால் கணிக்கும்போது திரையில் அதிக நேரம் வருபவர் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' ஏன் ஆஸ்கருக்குப் போகவில்லை? கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கிய படம் சார் அது!

சர்வதேசப் படப் பிரிவில் அப்போது ஒரு நாட்டுக்கு ஒரு படம்தான். இந்தியாவில் ஃபிலிம் ஃபெடரேஷன் தேர்வுக்குழு 'லாபதா லேடீஸ்' படத்தை அனுப்பியது, அது 15 படக் குறும்பட்டியலுக்குக்கூட வரவில்லை. பாயல் கபாடியா இயக்கிய நீங்கள் கேட்ட படத்தில் பிரெஞ்சுத் தயாரிப்பும் இருந்ததால் பிரான்ஸும் பரிசீலித்துவிட்டு 'எமிலியா பெரெஸ்' பக்கம் போய்விட்டது. நாடு அனுப்பாவிட்டாலும் மற்ற பிரிவுகளுக்குத் தகுதி உண்டு. பிரான்ஸ் அனுப்பாத 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' ஐந்து பரிந்துரையோடு திரைக்கதை விருதையும் வென்றது, 'ஆர்ஆர்ஆர்' பாட்டுக்கு வாங்கியது. ஆனால் அதற்கு அமெரிக்காவில் மாதக்கணக்கில் பணமும் உழைப்பும் போட வேண்டும்.

கேள்வி: குறும்படப் பிரிவுகளில் நான் எப்போதும் முட்டைதான். ஏதாவது வழி?

எல்லாவற்றையும் பாருங்கள், ரொம்ப நேரம் ஆகாது. மனதைத் தொடுகிற, பெரிய ஓடிடியில் எளிதாகக் கிடைக்கிற படத்துக்கு முதலிடம் கொடுங்கள். முதுமலை தெப்பக்காட்டின் பொம்மன், பெள்ளி பற்றிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஜெயித்ததற்கு அதன் தரத்தோடு நெட்ஃபிளிக்ஸில் இருந்ததும் உதவியது.

கேள்வி: நம் தேசிய விருதுகளை இப்படிக் கணிக்கலாமா?

முடியாது. வருடா வருடம் மாறும் சின்ன நடுவர் குழு, முன்கூட்டியே பரிந்துரைப் பட்டியலும் கிடையாது. 69வது விருதுகளில் 'ஜெய் பீம்' படத்துக்கு ஒன்றுமே இல்லை என்பதை எந்தக் கணக்கும் முன்னால் சொல்லியிருக்காது. லிஜோமோள் ஜோஸுக்கு ஒரு விருது வந்திருக்க வேண்டும், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: கடைசியாக, பட்டியலை எப்போது இறுதி செய்வது?

ஆஸ்கர் ஓட்டுப்பதிவு எப்போது முடிகிறது என்று பாருங்கள். 2025இல் பிப்ரவரி 18இல் முடிந்தது. பாஃப்டா அதற்கு இரண்டு நாள் முன்னால், எஸ்ஏஜி ஐந்து நாள் கழித்து. டெமி மூரின் எஸ்ஏஜி மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் ஓட்டை மாற்றியிருக்க வழியே இல்லை. அப்புறம், ஒரு பிரிவில் எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அதில் இறுதி ஓட்டு என்ற விதி 2026 விழாவிலிருந்து வந்துவிட்டது. அதனால் பரிந்துரை வரை வந்துவிட்ட சின்ன படங்களை இனி கொஞ்சம் மேலே வையுங்கள்.