விரலிடுக்கில் ஆறாத வெள்ளை: மருந்து கேட்கவில்லையா?

கேள்வி: திருகோணமலைச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். வலது கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் தோல் ஊறி வெளுத்து, நடுவில் சிவந்து வெடிக்கிறது. பாமசியில் தந்த கிறீமைப் பூசினால் ஆறுகிறது. விட்டால் திரும்ப வருகிறது. இரண்டு மாதமாகிறது. மருந்துக்குப் பழகிய பங்கசு என்கிறார்கள். டொக்டர் சுரண்டிப் பார்க்கச் சொல்கிறார். தேவைதானா?

பதில்: இடத்தைச் சொன்னதுமே பாதி விளங்கிவிட்டது. கண்டிடா என்ற மதுவத்துக்கு (ஈஸ்ற், ஒருகலப் பங்கசு) பிடித்த இடுக்கு அது. அந்த இரண்டு விரலும் அவ்வளவாக விரியாது, நீர் உள்ளேயே நிற்கும். ஐஸ் தண்ணீரிலேயே நாள் போகும் கைக்குக் கேட்கவா வேண்டும்!

பழகிய பங்கசு என்ற முடிவுக்கு அவசரப்படாதீர்கள். முதலில் கிறீம் குழாயில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்திருந்தால் சிவப்பும் கடியும் சட்டென்று அடங்கும், மதுவம் அடங்காது. நீங்கள் சொல்வது அந்தக் கதை போலத்தான் இருக்கிறது.

சரி, சுரண்டல். தேவைதான். மழுங்கிய கத்தியால் ஓரத்துச் செதிலை எடுப்பார்கள் (உங்களுக்குப் புதிதா என்ன?). பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மொட்டு விடும் கலங்களும் இழைகளும் தெரியும். அப்புறம் வளர்ப்பு, அதாவது செதிலை ஊட்டத் தட்டில் இட்டு மதுவத்தை வளரவிடுவது. வளர்ந்ததைச் சீரத்தில் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) 37 பாகையில் 2 முதல் 3 மணி நேரம் வைத்தால், கண்டிடாவின் அல்பிகன்ஸ் இனம் வால் போல ஒரு முளைக்குழாய் விடும். இனத்துக்கு ஒரு நிறம் காட்டும் நிறத்தட்டில் அது பச்சை; கண்டிடாவின் வேறு இனங்களில் ட்ரொபிகாலிஸ் நீலம், குறூசி வெளிறிய இளஞ்சிவப்பு. பெயர் தெரிந்தால் மருந்தும் பாதி தெரிந்த மாதிரி. அல்பிகன்ஸ் பெரும்பாலும் புளுக்கொனசோல் என்ற பங்கசு மருந்துக்கு அடங்கும். குறூசிக்கு அது பிறவியிலேயே கேட்காது. கிறிசியோபுல்வின் படர்தாமரை மருந்து, எந்த மதுவத்துக்கும் உதவாது.

வளர்ப்பில் மட்டும் ஏதோ முளைத்து, சுரண்டலில் ஒன்றும் தெரியாவிட்டால் அதை நம்பி மருந்தை மாற்ற வேண்டாம். பரப்சிலோசிஸ் போன்ற கண்டிடா இனங்கள் நல்ல தோலிலும் சும்மா குடியிருக்கும்.

இனம் தெரிந்து, சரியான மருந்தைப் பூசியும் ஆறாவிட்டால்தான் எதிர்ப்புச் சோதனை. மருந்து ஊறிய வட்டத்தாளைத் தட்டில் வைத்து, அதைச் சுற்றி வளராத இடத்தை அளப்பார்கள். அந்த இடம் எவ்வளவு இருந்தால் ‘எதிர்ப்பு’ என்ற அளவுகோல் விழுங்கும் மருந்துக்கு வகுத்தது. பூசும் கிறீம் தோலில் பல மடங்கு செறிவாகப் படும். ஆகவே அறிக்கையில் ‘எதிர்ப்பு’ என்று வந்தாலும் கிறீமைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

சுரண்டுவதற்கு எத்தனை நாள் முன் கிறீமை நிறுத்துவது என்று இப்போதே கேட்டு வையுங்கள். பூசிய கையோடு போனால் வளர்ப்பில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். வேலையில் ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். இரத்தத்தில் சீனியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இப்படித் திரும்பத் திரும்ப வரும் புண்ணை வைத்தே சலரோகம் பிடிபட்டவர்கள் உண்டு.