நிமிர்ந்த வாக்குவம் கிளீனர் ஓடும்போதே விட்டுவிட்டு நிற்கிறது. மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் மோட்டார் இல்லை, வயர்தான். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சை ஆன் செய்து, பிளக்கின் பவர் பின்கள் இரண்டிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். சாதாரண மோட்டாரானால் சில ஓம் காட்டும் (எலக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு உள்ள மாடலில் இந்தச் சோதனை ஏமாற்றும்). வயரை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் முறிவு. அதைத் தாண்டி வெட்டி, மீதி வயரை ஸ்விட்ச் முனையில் நேரடியாக இணையுங்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். இழுபடும் வயர் அது, சூடேறித் தீப்பிடிக்கும்.

வயரை அசைத்தும் எண் வரவில்லையா? ஸ்விட்ச், தெர்மல் கட்-அவுட் (மோட்டார் அதிகம் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்), கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) என்று வரிசையாகப் பாருங்கள். இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் தானே ஓடினால் கட்-அவுட் தன் வேலையைச் செய்கிறது. ஃபில்டரும் குழாயும் அடைத்திருக்கும். கட்-அவுட்டைத் தவிர்த்து வயரை நேராக இணைத்து ஓட்டினால் மோட்டார் எரியும்.

கார்பன் பிரஷ் 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். புது பிரஷ் போட்டும் காம்யூடேட்டரைச் (பிரஷ் உரசும் செம்பு உருளை) சுற்றி வளையமாகத் தீப்பொறி பறந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) போயிற்று. அந்தச் செலவுக்குப் புது மோட்டாரே மேல்.