கிணற்றுக்குள் முங்கி மேலே பார்த்தால் வெளிச்சம் வட்டமாக மட்டும் தெரிவது ஏன்? அதற்கும் மாறுநிலைக் கோணத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். எங்களுக்கு நாங்குநேரிப் பக்கம். தோட்டத்துக் கிணறு முப்பதடிக்கு முப்பதடி, ஒரு பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் கல்படி. நீச்சல் பழகிய வருஷம், காலையில் யாரும் குதித்துக் கலக்குவதற்கு முன்னால், பெரியப்பா மகன் சொன்னான்: "ஏலே, முங்கிட்டு அப்படியே மல்லாந்து மேல பாருலே."

தலைக்கு நேர் மேலே வெளிச்சமாக ஒரு வட்டம். வானம், கிணற்றுச் சுவர், மேட்டில் நின்ற வேப்பமரம் எல்லாம் அதற்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. வட்டத்துக்கு வெளியே கரும்பச்சை. அண்ணன் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் தொங்கப் போட்டிருந்தான். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் அவனுக்கு நாலு கால்! இரண்டு கீழ்நோக்கி, இரண்டு மேல்நோக்கி, முழங்காலோடு முழங்கால் ஒட்டியபடி. இடுப்புக்கு மேலே உள்ள ஆள் தனியாக, குள்ளமாக, வட்டத்தின் ஓரத்தில் இருந்தான்.

காரணம் இதுதான். தண்ணீரிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி, செங்குத்துக் கோட்டை விட்டு விலகி வளையும். சாய்வு கூடக் கூட வெளியே வரும் கதிர் இன்னும் படுத்துக்கொண்டே போகும். தண்ணீருக்குள் செங்குத்துக் கோட்டிலிருந்து 48.6 டிகிரி சாய்வில் வந்தால், வெளிவரும் கதிர் நீர்மட்டத்தை ஒட்டியே ஓடும். அந்த 48.6 டிகிரிதான் தண்ணீரின் மாறுநிலைக் கோணம். அதைத் தாண்டினால் கொஞ்சம்கூட வெளியே போகாது, மொத்த ஒளியும் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். அதுதான் முழு அக எதிரொளிப்பு. கணக்கும் எளிது: அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு 1-ஐ ஒளிவிலகல் எண்ணால் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்) வகுத்தது, தண்ணீருக்கு 1/1.333.

ஒளி போன வழியிலேயே திரும்பியும் வரும். அதனால் அடிவானத்திலிருந்து நீர்மட்டத்தை உரசி வரும் ஒளியும் உள்ளே நுழைந்ததும் 48.6 டிகிரிக்கு மடங்கிவிடுகிறது. மேலே உள்ள உலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி அகலக் கூம்புக்குள் அடங்குவது இப்படித்தான். கண் நாலடி ஆழத்தில் இருந்தால் வட்டம் ஒன்பதடி அகலம். எட்டடிக்குப் போனால் பதினெட்டடி. ஆனால் கண்ணுக்கு அதே அளவாகத்தான் தெரியும், நீங்கள் நகர்ந்தால் அதுவும் கூடவே வரும்.

வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாகிவிடுகிறது. அண்ணனுக்கு நாலு கால் வந்தது அதனால்தான். கிணற்றின் உள்பக்கம் இருட்டு, அதனால் கண்ணாடியிலும் இருட்டு. குறுக்குத்துறையில் தாமிரபரணி தெளிந்து ஓடும் நாளில் முங்கிப் பாருங்கள், வெளிவட்டத்தில் ஆற்றுமணல் தெரியும், அவ்வளவு இருட்டாக இருக்காது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அடர்மிகு ஊடகத்திலிருந்து (ஒளிவிலகல் எண் கூடுதலான பொருள்) அடர்குறை ஊடகத்துக்கு (அது குறைவான பொருள்) ஒளி போகும்போது மட்டுமே இது நடக்கும். காற்றிலிருந்து தண்ணீருக்கு எவ்வளவு சாய்த்து அடித்தாலும் நடக்காது. சாதாரணக் கண்ணாடிக்கு மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 42 டிகிரி, வைரத்துக்கு 24.4 தான். வைரத்துக்குள் புகுந்த ஒளி எளிதில் தப்ப முடியாமல் உள்ளுக்குள் அலைந்து வருவதால்தான் அந்த ஜொலிப்பு. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிளும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கிணறு பக்கத்தில் இல்லையென்றால், அடி தட்டையான கண்ணாடி டம்ளரை ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நாணயம் காணாமல் போய்விடும். டம்ளருக்கும் நாணயத்துக்கும் நடுவில் மெல்லிய காற்று இருக்கிறது. அதைக் கடந்து வரும் ஒளி தண்ணீருக்குள் நிமிர்ந்தே ஏறி, பக்கச் சுவரில் பட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது. அப்புறம் டம்ளரைத் தூக்கி, நாணயத்தின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, நடுவில் காற்று இல்லாதபடி அழுத்தி வையுங்கள். நாணயம் திரும்ப வந்துவிடும்.