நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடுகிறது

நாளைக் காலை நடைப்பயிற்சிக்குப் போகாதீர்கள். அதற்குப் பதில் ஒரு இதய மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

எனக்கு அனுப்பிய கடிதத்தில் எட்டுத் தொல்லைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவதாக, வயிற்று உப்புசத்துக்கும் முழங்கால் சத்தத்துக்கும் நடுவில், இந்த வரி இருக்கிறது: "வேகமாக நடந்தாலோ மேடு ஏறினாலோ நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடிக்கிறது, சில நாள் தாடை வரை இழுக்கிறது. நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. காய்கறி நிறையச் சாப்பிடுவதால் வந்த கேஸ்தானே, டாக்டர்?"

கேஸ் என்று நினைத்து இதை விட்டுவிட முடியாது. உங்களுக்கு 52 வயது. இறுக்கம் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. தம்பி 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்பதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மற்ற ஏழு தொல்லைகளையும் எழுத வைத்தது அந்தக் கடைசி வரியில் உள்ள பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயம் நியாயமானது. உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால், மருத்துவர்கள் அதை உங்கள் ஆபத்துக் கணக்கிலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இலேயே இந்த வலியை விவரித்துவிட்டார். நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் நெஞ்சைப் பிடிக்கும். நின்றதும் மறைந்துவிடும் என்றார். ஈசிஜி என்ற ஒன்றே இல்லாத காலம் அது. நோயாளிகள் சொன்னதைக் கேட்டே அவர் அதைக் கண்டுகொண்டார். நீங்கள் எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்.

வேகமாக நடக்கும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும்போது தேவையான அளவு போய்ச் சேர்ந்துவிடும். உழைப்பு கூடும்போதுதான் பற்றாக்குறை தெரியும், நெஞ்சு இறுக்கும். நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது. போன மாதம் படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நார்மலாக வந்ததை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி இத்தகைய அடைப்பிலும் நார்மலாக வருவது சாதாரணம். உழைப்பில் இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையா, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவா, ரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோகிராமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாகப் போய் டிரெட்மில்லில் ஏறிவிடாதீர்கள்.

அமில மாத்திரை போட்டால் உடனே கேட்கிறது என்கிறீர்கள். மாத்திரை போடுவதற்காக நிற்கிறீர்கள், நின்றதால் வலி போகிறது. இந்த ஒரு தவறான நம்பிக்கை எத்தனை பேரைத் தாமதப்படுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி நண்பர் கொடுத்த மாத்திரையையும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழ வைக்கும் மருந்து அது. யாருக்கு, எவ்வளவு என்று மருத்துவர் சொல்லித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாளை வரைகூடக் காத்திருக்கக் கூடாத நிலைமை ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ அதே இறுக்கம் வந்தால், முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வந்தால், நின்ற பிறகும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், வியர்வையோ வாந்தியோ மூச்சுத்திணறலோ சேர்ந்துகொண்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நடுச்சாமமாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இறுக்கமே இல்லாமல் மூச்சு வாங்குவதும் அசதியும் மட்டுமே அறிகுறியாக வரலாம்.

அடுத்தது நீங்கள் செய்த காரியம். காய்கறிக்கு மாறிவிட்டதால் கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையில்லை என்று இணையத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டு இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறீர்கள். உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பேதான், முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. காய்கறி, பயறு, முழுத்தானியம் எல்லாம் அதைக் கொஞ்சம் குறைக்கும், மறுக்கவில்லை. தம்பியை இழந்த ஒருவருக்கு அந்தக் கொஞ்சம் போதாது. நிறுத்தியதை நாளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விட்டால், பரிசோதனை முடிவுகளை அவர் தப்பாகப் படிக்க நேரும்.

மற்றவை பெரிய விஷயமில்லை. பீட்ரூட் சாப்பிட்டபின் சிறுநீர் சிவப்பது அதன் நிறம்தான், சிலருக்கு வரும். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவந்தால் மட்டும் காட்டுங்கள். உள்ளங்கை மஞ்சளானது கேரட்டால். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதென்றால் அது காமாலை இல்லை. வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சத்தத்தை மறந்துவிடுங்கள். உப்புசம் வந்தது, நார்ச்சத்தை ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு ஆக்கியதால். அளவைக் குறைத்து, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள். காய்கறியில் உள்ள ஏதோ ஒரு புரதம் குடலை அரித்துவிடும் என்று பார்த்த வீடியோவை நம்ப வேண்டாம். வேகவைத்த காய்கறி உங்கள் குடலை ஒன்றும் செய்யாது.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் நிறையப் பச்சைக் கீரைச் சாறு வேண்டாம். பசலை போன்ற சில கீரைகளில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். தினமும் சாறாக ஊற்றிக்கொண்டால் சிறுநீரகத்தில் கல் வர வாய்ப்பு கூடும். வடிகட்டும்போது நார்ச்சத்தும் போய்விடுகிறது. அதே கீரையைச் சமைத்து உணவோடு சாப்பிடுங்கள். காய்கறியும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தால் அது சுலபம்.

இனி நடக்கவே கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை வேக நடை, மேடு, பளு தூக்குதல் எதுவும் வேண்டாம். இறுக்கம் வராத அளவில் வீட்டு வேலைகளைச் செய்துகொள்ளலாம். அதன்பிறகு நடக்கத்தான் வேண்டும். அடைப்பு இருப்பது உறுதியானாலும், மருந்தோ, அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டோ, அறுவை சிகிச்சையோ முடிந்தபின், மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் நடையும் சிகிச்சையில் ஒரு பகுதி. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை நீங்களும் எட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

உங்கள் தம்பிக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறு வயது என்று தள்ளிப்போட வேண்டாம். கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் தன்மை சில குடும்பங்களில் பிறப்பிலேயே வரும். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்த முடியும்.