ஏரோநாட்டிக்கல் சீட் கிடைத்தால்தான் விமான ஆராய்ச்சியா?

வணக்கம் சார். மகளுக்கு மாசு குறைந்த விமானப் பயணத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை என்கிறீர்கள். அதற்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏரோநாட்டிக்கல் சேர்த்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். பணத்தைக் கட்டிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

2021-இல் ஐரோப்பாவில் ஒரு சோதனை நடந்தது. ஏர்பஸ் ஏ350 விமானத்தை, கழிவு எண்ணெய், கொழுப்பு போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் எரிபொருளில் மட்டுமே ஓட்டினார்கள். அதன் வாலைப் பிடித்தபடி ஃபால்கன் என்ற சின்ன விமானம், சில சமயம் வெறும் 100 மீட்டர் இடைவெளியில், புகையை அளந்துகொண்டே பறந்தது. விமானம் போன பின் வானத்தில் வெள்ளைக் கோடு விழும் அல்லவா, அதுவும் பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வழக்கமான எரிபொருளைவிட இதில் அந்தக் கோட்டிலுள்ள பனித்துகள்கள் 56 சதவீதம் குறைந்ததாக 2024-இல் முடிவு வெளியானது.

இதில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். விமானம் ஏர்பஸ், இன்ஜின் ரோல்ஸ் ராய்ஸ், எரிபொருள் பின்லாந்தின் நெஸ்டே. பின்னால் பறந்து அளந்தது ஜெர்மன் விமான, விண்வெளி மையம். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் கூட இருந்தன. வேதியியல், எரிதல், வளிமண்டலம், அளவுக் கருவிகள் என்று ஆளுக்கொரு படிப்பு. ஏரோநாட்டிக்கல் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளையும் கலந்து பறந்தது. அதைத் தயாரித்துக் கொடுத்தது டேராடூனிலுள்ள இந்திய பெட்ரோலியம் ஆய்வு நிறுவனம்.

அதனால் கல்லூரியைப் பிறகு பார்க்கலாம். எரிபொருளா, இன்ஜினா, வானமா, எது பிடிக்கும் என்று முதலில் மகளிடம் கேளுங்கள். எரிபொருள் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) கெமிக்கல் இன்ஜினியரிங் அருமையான இடம். பி.எஸ்சி. வேதியியலும் குறைந்ததல்ல, எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். இன்ஜின் என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல், இல்லாவிட்டால் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல். அப்புறம் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி சென்னை ஐ.ஐ.டி. பக்கம் போகலாம், அங்கே எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. வானம் என்றால் இயற்பியலும் கணக்கும் கெட்டியாக வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் படித்ததும் கேம்பஸில் கிடைக்கிற வேலை இல்லை இது. பிஎச்.டி. வரை போக வேண்டும், முடிக்கும்போது வயது இருபத்தேழு, இருபத்தெட்டு ஆகிவிடும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும், உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. நடுவில் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். மார்க்கைவிட இதில்தான் நிறைய பேர் இடறுகிறார்கள்.

கட்-ஆஃப் வந்ததும் எழுதுங்கள், கவுன்சிலிங்கில் எதை எந்த வரிசையில் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம். மேனேஜ்மென்ட் கோட்டா பேச்சு அதுவரை வேண்டாம்.